நாற்பத்து மூன்றாவது பெயர்

காலை பதினொன்றே காலுக்கு மதனவதியின் கணினியில் அன்றைய முப்பத்தொன்றாவது கட்டுரை வந்து நின்றது. தலைப்பில் 'மாகறலின்' என்ற பெயரைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பதின்மூன்று வருடத்தில் இது பன்னிரண்டாவது கட்டுரை. பக்கத்து நாற்காலியில் இருந்த காவேரியிடம் சொல்லத் திரும்பியவள், தலைப்பின் மீதிப் பாதியைப் படித்துவிட்டு அப்படியே மறுபடி திரும்பிக்கொண்டாள்.

அவள் வேலையை வெளியாளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கொஞ்சம் சிரமம். உலகத்தின் எந்த மூலையிலாவது ஒரு வேதியியல் கட்டுரை வெளிவந்தால், அதில் பேசப்படும் சேர்மங்கள் ஒவ்வொன்றையும் இணையத் தரவுத்தளத்தில் அதனதன் பதிவோடு முடிச்சுப் போட வேண்டும். ஒருவர் காஃபீன் என்று தேடினால் அதன் படம், எடை, உருகுநிலை எல்லாம் வந்து, கீழே 'இதைப் பற்றிய கட்டுரைகள்' என்று நீளமாக ஒரு வரிசை தொங்கும் இல்லையா, அந்த வரிசை தானாக முளைத்தது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் இரண்டாவது மாடியில் ஒன்பது பேர் உட்கார்ந்து அதை முளைக்க வைக்கிறார்கள். கீழே முகூர்த்தப் புடவைக்கு வந்த கூட்டம் விலையைக் கேட்டு மலைத்துக்கொண்டிருக்கும்போது, மேலே பென்சீனும் கூமரினும் சொந்தபந்தம் தேடிக்கொண்டிருக்கும். ஆறு மாதமாக ஒரு மென்பொருள் முடிச்சுகளைத் தானே போட்டு வைக்கிறது. இவர்கள் 'பொருந்தும்', 'பொருந்தாது' என்று இரண்டில் ஒன்றை அழுத்தினால் போதும். அழுத்த அழுத்த அது கற்றுக்கொள்ளும், கற்றுக்கொண்ட பிறகு ஒன்பது பேருக்கு இங்கே வேலை இருக்காது என்பது ஒன்பது பேருக்கும் தெரியும். அதைப் பற்றி மதிய உணவு நேரத்தில்கூட அவர்கள் பேசுவதில்லை.

'மாகறலின்' என்ற அந்தச் சேர்மம் அவள் கண்டுபிடித்தது. கண்டுபிடித்தது என்று அவளாகச் சொல்லிக்கொண்டதில்லை, அவள் அப்பா சுமதிநாதன்தான் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடமெல்லாம் சொல்வார். எம்.பில். படிக்கும்போது மாகறல் ஏரிக்கரையில் பேய்மிரட்டி இலையை ஐந்து கிலோ பறித்து, நிழலில் காயவைத்து, பொடித்து, மெத்தனாலில் ஊறப்போட்டு, வடிகட்டி, சுண்டவைத்து, நான்கு மாதம் போராடியதில் கடைசியாகக் கண்ணாடிக் குப்பியின் அடியில் நான்கு மில்லிகிராம் மஞ்சள் பொடி நின்றது. புற ஊதா விளக்கின் கீழே அது பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. பேராசிரியர் திருஞானசம்பந்தம் அதைச் சென்னைக்கு அனுப்பி அளந்து வரவழைத்து, வரைபடங்களை மேஜையில் பரப்பி இரண்டு நாள் தலையைச் சொறிந்தார். செடிகளில் சாதாரணமாகக் கிடைக்கும் கூமரின் வகைதான், ஆனால் செடியில் வழக்கமாக இல்லாதபடி ஒரு நைட்ரஜன் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "அபூர்வம்மா," என்றார். பெயர் வைக்கும் உரிமையை அவளுக்கே கொடுத்தார். தன் ஊர்ப் பெயரை வைத்தாள். கட்டுரையில் அவர் பெயர் முதலில், இவள் பெயர் இரண்டாவது. தரவுத்தளத்தில் ஏழு இலக்க எண்ணோடு ஒரு பதிவு உண்டானது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், முனைவர் பட்டம் நின்று, வந்த வரன்களும் ஒவ்வொன்றாக நின்று, நாற்பது வயதில் அவளிடம் மிச்சமிருந்த ஒரே பெருமை அந்தப் பதிவு. அதை அவள் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

இப்போது திரையில் இருந்த கட்டுரை நிதானமாக, மரியாதையாக, ஒரு கெட்ட வார்த்தை இல்லாமல் அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. எங்கோ குளிர்நாட்டில் மூன்று பேர் மாகறலினைச் சோதனைச்சாலையில் செய்து பார்த்திருக்கிறார்கள். திருஞானசம்பந்தம் வரைந்த வடிவத்தில் செய்தபோது அளவுகள் ஒத்துப்போகவில்லை. பேய்மிரட்டியை மூன்று ஊர்களிலிருந்து வரவழைத்துத் தேடியிருக்கிறார்கள், ஒன்றிலும் அது இல்லை. பிறகு பழைய வரைபடத்தையே எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்ததில் அச்சு அசலாகப் பொருந்தியது வேறொன்று: துணி ஆலைகளில் வெள்ளைத் துணி இன்னும் வெள்ளையாகத் தெரிவதற்காகப் போடும் ஒரு வெளுப்பான். ஐம்பது அறுபது வருடப் பழைய சரக்கு. 'துணி, காகிதம் அல்லது சோப்பிலிருந்து இது கலந்திருக்கக்கூடும். மூல ஆசிரியர்களைத் தொடர்புகொள்ள எடுத்த முயற்சிகள் பலனளிக்கவில்லை' என்று முடித்திருந்தார்கள். திருஞானசம்பந்தம் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய மின்னஞ்சல் திரும்பிப் போயிருக்கும். இவளுடைய முகவரி எந்தக் கட்டுரையிலும் கிடையாது. அந்த மூன்று பேரின் பழைய கட்டுரைகளில் நான்கைந்தையாவது இவளே முடிச்சுப் போட்டிருக்கிறாள், பெயர்கள் ஞாபகம் இருந்தன. அவர்களுக்கு இவள் அகப்படவில்லை.

மென்பொருள் தன் கடமையைச் செய்து வைத்திருந்தது. 'மாகறலின்' பதிவை வெளுப்பான் பதிவோடு இணைக்கவும், பொருத்தம் தொண்ணூற்றெட்டு சதவீதம். மதனவதி 'பொருந்தாது' என்று அழுத்தினாள். பதினோரு வருட வேலையில் தெரிந்தே அவள் போட்ட முதல் பொய் அதுதான். கட்டுரை திரையிலிருந்து மறைந்தது. அடுத்த கட்டுரை ஏதோ மீன் எண்ணெயைப் பற்றியது. அதன் முதல் பத்தியை அவள் ஆறு முறை படித்தாள்.

இருபது நிமிடம் போயிருக்கும். காவேரி நாற்காலியோடு இவள் பக்கம் நகர்ந்து வந்தாள். பிள்ளையார்பாளையத்துப் பெண், பட்டு நெய்கிற வீடு, வயது இருபத்தெட்டு. எதையும் உரக்கப் பேசுகிறவள் இப்போது தணிந்த குரலில் பேசினாள்.

"அக்கா, எனக்கு ஒரு பேப்பர் வந்திருக்குது. இதுல உன் பேரு இருக்குது."

ஒருவர் பொருந்தாது என்றால் அது இரண்டாவது ஆளுக்குப் போகும். யாருக்குப் போகும் என்று மட்டும் தெரியாது. காவேரிக்குப் போயிருந்தது.

"படிச்சிட்டியா?"

"படிச்சேன். நானும் பொருந்தாதுன்னே போட்டுடட்டுமா?"

"ரெண்டு பேரும் போட்டா வசந்த்கிட்ட போவும்."

வசந்த் இவர்களுக்கெல்லாம் மேலே இருக்கிற பையன். கண்ணாடி அறைக்குள் இருந்தான். தலைப்பைப் பார்த்த இரண்டாவது நிமிடம் பொருந்தும் என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். அதில் அவன்மேல் ஒரு தப்பும் இல்லை.

"அது எப்படிக்கா கலந்துது?" என்றாள் காவேரி. "லேப்ல சோப்பு கீப்பு ஏதாவது?"

மதனவதி யோசித்தாள். சோப்பு இல்லை. குப்பிகளை அவள் எப்படிக் கழுவுவாள் என்று அவளுக்குத் தெரியும். பிறகு, யோசிக்காமலேயே, வாயிலிருந்து வந்துவிட்டது.

"வடிகட்டுறதுக்குத் துணி வெச்சிருந்தேன். சுத்தமா இருக்கணும்னு ஒவ்வொரு தபாவும் புதுத் துணியா கிழிச்சிப்பேன்."

"புதுசா? அலசாமயா?"

அவ்வளவுதான் கேட்டாள். கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்பதுபோல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடைக்கு வரும் புதுத் துணியில் கஞ்சி, வெளுப்பான் என்று என்னென்ன ஏற்றியிருக்கும் என்று பிள்ளையார்பாளையத்தில் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்க அன்றைக்குப் பக்கத்தில் யாரும் இல்லாமல் போனார்கள்.

சமணர் வீட்டில் தண்ணீரை வடிகட்டாமல் வாயில் வைக்க மாட்டார்கள். வெள்ளைத் துணி, உடுத்தாதது, ஓட்டையில்லாதது, இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்ட வேண்டும். மதனவதிக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே தெரிந்த விஷயம் இது. ஆய்வகத்தில் மற்ற மாணவர்கள் யாரோ கட்டிக் கழித்த வேட்டியைக் கிழித்து இலைச்சாற்றை வடிகட்டினார்கள். அவளுக்கு அது குமட்டியது. காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் நல்ல வெள்ளைத் துணியாக இரண்டு மீட்டர் வாங்கி வைத்துக்கொண்டாள். அதை ஏன் அலசவில்லை? அதற்கும் காரணம் இருந்தது. ஆய்வகத்தின் குழாய்த் தண்ணீர் வடிகட்டாத தண்ணீர். வடிகட்டாத தண்ணீரில் துணியை நனைத்துவிட்டு அதே துணியால் வடிகட்டினால் அப்புறம் சுத்தம் எங்கே இருக்கிறது? அதனால் உலர்ந்த துணியாகவே, கடை மடிப்போடு, கட்டினாள். கேலி செய்தவர்களைப் பார்த்து மனசுக்குள் கொஞ்சம் இளக்காரமாகச் சிரிக்கவும் செய்தாள். அத்தனை பேர் அழுக்கு வேட்டியில் வடிகட்டினார்கள். அவர்கள் கட்டுரைகள் எல்லாம் இன்றைக்கும் சரியாக இருக்கின்றன.

ஒரு மணிக்கு அவள் சாப்பிடாமல் கீழே இறங்கினாள். மூன்று கடை தள்ளி அந்த ஜவுளிக்கடை இன்னும் இருந்தது. குடத்துத் துணி கிழிந்துவிட்டது, வரும்போது வாங்கிவா என்று அப்பா காலையில் சொல்லியிருந்தார், அதுவும் ஒரு சாக்கு. ஒரு மீட்டர் கிழிக்கச் சொல்லி ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினாள். கல்லாவில் இருந்த தணிகாசலம் தாளைக் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கின் கீழே காட்டினார். மதனவதி அவர் கையைத் தாண்டித் துணியின் ஒரு முனையை விளக்குக்குள் நுழைத்தாள்.

அதே நீலம். பதின்மூன்று வருடத்துக்கு முன் இருட்டறையில் கண்ணாடிக் குப்பியின் அடியில் பார்த்து அவள் அழுத அதே நீலம்.

"இன்னாமா, துணியையும் செக் பண்றியா?" என்றார் தணிகாசலம். "புதுசு அப்படித்தாம்மா மின்னும். நாலு தபா தொவச்சா போயிடும்."

"எல்லாத் துணியும் இப்படித்தானா?"

"வெள்ளைன்னா எல்லாமே இப்படித்தான்."

மேலே வந்து காவேரியிடம் அந்தக் கட்டுரையைத் தனக்கே திருப்பி அனுப்பச் சொன்னாள். காவேரி அனுப்பிவைத்தாள். மதனவதி 'பொருந்தும்' என்று அழுத்தினாள். நேர்மைக்காக என்று சொன்னால் அது அவளுக்கே ஒப்பாது. எப்படியும் போகப் போகிறது, வசந்தின் விரலில் போவதைவிட என் விரலில் போகட்டும் என்ற வீம்புதான். ஆனால் ஒன்று செய்யலாம் என்று தோன்றியது. 'கலந்திருக்கக்கூடும்' என்று அந்த மூன்று பேரும் ஊகமாக விட்ட இடத்தில் உண்மை இவளுக்குத் தெரியும். உலகத்தில் இவள் ஒருத்திக்குத்தான் தெரியும். குறிப்பு எழுதும் கட்டத்தில் அடித்தாள்: இலைச்சாறு அலசாத புதிய வெள்ளைத் துணியில் வடிகட்டப்பட்டது, வெளுப்பான் அதிலிருந்து வந்தது, செய்தவள் நான். சேமிக்கும் பொத்தானை அழுத்தியதும் சிவப்பில் ஒரு வரி வந்தது. மூலக் கட்டுரையின் எண்ணைக் குறிப்பிடவும். கட்டுரை இல்லை, எனக்கே தெரியும் என்று எழுதுவதற்கு அங்கே கட்டம் இல்லை. வெளியிடப்பட்டதை மட்டுமே பதிவோடு இணைக்கலாம். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுப்பது அவள்தான். குறிப்பை எழுத்தெழுத்தாக அழித்தாள்.

நான்கு மணிக்கு மாற்றம் பதிவேறியது. மாகறலின் என்று தேடினால் இப்போது வெளுப்பானின் பக்கம் திறந்தது. அதற்கு இரண்டாயிரத்துச் சொச்சம் கட்டுரைகள், காப்புரிமைகள், ஆலைப் பெயர்கள், வியாபாரப் பெயர்கள். 'வேறு பெயர்கள்' என்ற பட்டியலில் கீழே போய்க்கொண்டே இருந்தால் நாற்பத்து மூன்றாவதாக மாகறலின் இருந்தது. பழைய பதினோரு கட்டுரைகளும் அங்கே குடிபோயிருந்தன. அவற்றில் ஒன்று, யாரோ கணினியிலேயே கணக்குப் போட்டுப் பார்த்து, மாகறலின் சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தக்கூடும் என்று சொல்லியிருந்தது. அந்த நம்பிக்கை இப்போது துணி வெளுப்பானின் கணக்கில். மதனவதிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்காமல் வந்ததால் எழுந்து கை கழுவப் போனாள். கண்ணாடியைப் பார்க்காமல் வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தாள்.

சமணர் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்பதால் நான்கரைக்கே அவளை விட்டுவிடுவார்கள். பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாகப் போட்டுப் பார்த்தாள். அப்பா, அது செடியில இல்ல. அப்பா, அது துணியில இருந்துது. அப்பா, தப்பு நடந்துபோச்சி. மூன்றும் பொய்யில்லை, மூன்றும் எடுபடாது. தரவுத்தளத்தில் அந்தச் சேர்மத்தின் பக்கத்தை அவருடைய கைப்பேசியில் போட்டுக் கொடுத்தது அவள்தான். வாட்ஸாப்புக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கும். அவருக்கு அதில் ஓர் எழுத்து புரியாது. படம் வரும், பக்கத்தில் ஊர்ப் பெயர் வரும், கீழே பொண்ணு பெயர் வரும். மூன்றையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். இனி அந்தப் பொத்தானைத் தொட்டால் வெளுப்பானின் பக்கம்தான் வரும். இரண்டு ஏக்கர் கழனியை வைத்துக்கொண்டு எழுபத்து நாலு வயது வரை யாரிடமும் எதற்கும் பெருமை பேசாத மனுஷன், இந்த ஒன்றில் மட்டும் கொஞ்சம் அளவு தாண்டுவார். அவள் வேண்டாம் என்று தடுத்ததில்லை. வெள்ளிக்கிழமை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விழா. ஊர்ப் பெயரை உலகம் தெரிய வைத்த மதனவதி பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்று அவரே போய் ஏற்பாடு செய்துவிட்டு வந்திருந்தார். இன்று புதன்.

வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நின்றது. தலைமையாசிரியை நதியா டீச்சர் விழாவின் அழைப்புப் பத்திரிகையோடு வந்திருந்தார். சுமதிநாதன் நாற்காலியை வாசலில் போட்டு உட்காரவைத்திருந்தார்.

"தோ வந்துட்டா," என்றார். "மதனா, துணி வாங்கியாந்தியா? பானையில தண்ணி அடியிலதான் கெடக்குது. டீச்சர் தண்ணி கேட்டாங்க, வடிகட்டிக்கினு வா. சூரியன் எறங்குது, நீயும் சாப்புடணும்."

"டீச்சர்," என்றாள் மதனவதி. வாசற்படியில் நின்றபடியே சொன்னாள். "வெள்ளிக்கிழமைக்கு வேற யாரையாச்சும் கூப்டுங்க டீச்சர். நான் பேசறதுக்கு ஒண்ணும் இல்ல."

"வெக்கப்படறா," என்றார் சுமதிநாதன். "சின்ன வயசுலருந்தே அப்படித்தான். தானா ஒரு வார்த்த சொல்லமாட்டா. நான் காட்டறேன் இருங்க, நெட்லயே இருக்குது."

கைப்பேசியை எடுத்துப் பொத்தானைத் தொட்டார். மாகறலில் சிக்னல் எப்போதும் போராட்டம்தான். வட்டம் சுற்றத் தொடங்கியது. அவர் எழுந்து தெருவுக்கு இறங்கி, கையை உயர்த்தி, மின்கம்பத்தடியில் போய் நின்றார். நதியா டீச்சரும் மரியாதைக்கு எழுந்து பின்னால் போனார்.

அப்பா என்று ஒரு தரம் கூப்பிட்டால் போதும். மதனவதி பையிலிருந்து துணியை எடுத்துக்கொண்டாள். உள்ளே போனாள்.

கிணற்றுத் தண்ணீர் குடத்தில் நிறைந்திருந்தது. வடிகட்டிய பானையின் அடியில் ஒரு சொம்பு மிச்சம் இருந்தது, அவ்வளவுதான். புதுத் துணியைப் பிரித்தாள். கடை மடிப்புக் கலையாமல், கண் கூசும் வெள்ளையில் இருந்தது. அலசத் தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீருக்கு முதலில் துணி வேண்டும். இருந்த ஒரு சொம்பையும் கிண்ணத்தில் ஊற்றித் துணியை முக்கினாள். கசக்கினாள், பிழிந்தாள், திரும்ப முக்கினாள். கிண்ணத்துத் தண்ணீரைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அது தண்ணீராகத்தான் இருந்தது. வெறும் கண்ணுக்கு அதில் எதுவும் தெரியாது.

"சுத்திக்கினே இருக்குது," என்று தெருவில் அப்பாவின் குரல் கேட்டது. "வந்துரும் டீச்சர், எப்பவும் வந்துரும்."

அவள் துணியை இன்னொரு முறை முக்கினாள். சன்னலில் வெயில் போய்விட்டிருந்தது. கம்பத்தடியில் அப்பா கையைக் கீழே இறக்கி, கைப்பேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். நதியா டீச்சர் குனிந்து எட்டிப் பார்த்தார்.